பலகை வாங்கும் முன் கெர்னலைப் பாருங்கள்

2015 நவம்பரில் ராஸ்பெர்ரி பை ஜீரோ வெளிவந்தது. விலை 5 டாலர். 65 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலமுள்ள பலகையில் முழு லினக்ஸ்! ‘மேக்பை’ இதழின் அட்டையோடு சேர்த்து இலவசமாகவும் கொடுத்தார்கள். கணினி வாங்க வசதியில்லாத பிள்ளைக்கும் நிரல் எழுத வழி பிறந்துவிட்டது என்று நான் பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

நம்மூரில் அது லேசில் கைக்கு வரவில்லை. சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கியதில் வேறொரு பலகை கிடைத்தது. நான்கு கோர், ஈதர்நெட், விலையும் மலிவு. தயாரிப்பாளர் தந்த இமேஜை மைக்ரோ எஸ்டி கார்டில் எழுதிச் செருகினேன். பச்சை விளக்கு மினுக்கியது. எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே போய், லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் பதிப்பைக் காட்டும் ‘யூநேம் -ஆர்’ கட்டளையை அடித்தால் 3.4 என்று வந்தது. 2012-இல் வெளியான கெர்னல்! வீட்டுப் படங்களையும் பத்திர நகல்களையும் சேமித்து வைக்க நினைத்த பெட்டி அது; பழைய கெர்னலின் பாதுகாப்பு ஓட்டைகளோடு விட மனமில்லை. புதுப் பதிப்பு கேட்டுத் தயாரிப்பாளருக்கு எழுதினேன். பதிலே இல்லை.

காரணம் பிறகுதான் விளங்கியது. மேசைக் கணினியில் என்னென்ன வன்பொருள் இருக்கிறது என்பதை பயாஸ் சொல்லிவிடும். ஒரே லினக்ஸ் எங்கும் ஓடும். இந்தப் பலகைகளில் அந்த வசதி கிடையாது. எந்தப் பின்னில் விளக்கு, எந்த முகவரியில் ஈதர்நெட் என்பதையெல்லாம் ‘டிவைஸ் ட்ரீ’ கோப்பில் யாராவது எழுதித் தரவேண்டும். டிரைவர்களும் மூல கெர்னலில் சேரவேண்டும். சிப் கம்பெனி கொடுத்த பழைய கெர்னலை அப்படியே போட்டு விற்பவர்களுக்கு இதில் அக்கறையில்லை. என் பலகையில் இருந்தது ஆல்வின்னர் சிப். ‘லினக்ஸ்-சன்க்ஸி’ தன்னார்வலர்கள் அதற்காக வருடக்கணக்கில் உழைத்திருந்தார்கள். இத்தகைய பலகைகளுக்கான ஆர்ம்பியன் என்ற லினக்ஸைப் போட்டேன், பலகை புதுக் கெர்னலோடு எழுந்தது. முகம் தெரியாத அந்த மனிதர்களுக்கு இன்றும் கடன்பட்டிருக்கிறேன்.

‘சி.ஹெச்.ஐ.பி’ என்ற 9 டாலர் பலகையின் கதையும் இதைத்தான் காட்டுகிறது. அதைச் செய்த நெக்ஸ்ட் திங் நிறுவனம் 2018-இல் மூடப்பட்டது. ஆனால் முன்பே ஃப்ரீ எலெக்ட்ரான்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்களைக் கொண்டு மூல கெர்னலில் அதற்கு இடம் வாங்கி வைத்திருந்தார்கள். கம்பெனி போனபிறகும் அதில் புதுக் கெர்னல் ஏறுகிறது.

இப்போதெல்லாம் விலையைப் பார்க்கும் முன் ஆர்ம்பியன் பட்டியலில் பலகையின் பெயரைத் தேடுகிறேன். 2012-இல் 35 டாலருக்கு வந்த முதல் ராஸ்பெர்ரி பைக்குப் பத்தாண்டு கழித்தும் அதன் நிறுவனம் இயங்குதளம் தந்தது. பள்ளிக்கு வாங்க யோசனை கேட்பவர்களிடம், வேகம் குறைந்த பழைய பை கிடைத்தாலும் தயங்காமல் வாங்குங்கள் என்றே சொல்கிறேன்.