மன்னாரில் கேட்ட குரல்

சென்ற மாதம் ஒரு வார இறுதியில் மன்னாருக்குப் போயிருந்தேன். நெடுநாள் நண்பர் ஒருவரின் அழைப்பு. தீவின் கரையோரக் கிராமம் ஒன்றில் சனிக்கிழமை இரவு வயதான அண்ணாவியார் ஒருவர் பாடவிருக்கிறார், முழுக் கூத்து அல்ல, தெரிந்தெடுத்த பாட்டுகள் மட்டுந்தான், வந்தால் கேட்கலாம் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்.

மன்னார் எனக்குப் புதிய பெயரன்று. செய்தி மேசையில் இருந்த காலத்தில் அந்தப் பெயரை எழுதாத வாரம் அரிது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதும், 2006 ஜூனில் பேசாலை வெற்றி நாயகி ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தோர் தாக்கப்பட்டதும், 2008 ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபம் மடுவைவிட்டு எடுத்துச் செல்லப்பட்டதும் என் மேசையைக் கடந்து போன செய்திகள். போர் முடிந்த பின்னரும் அலுவலாகவே அங்கு போய்த் திரும்பியிருக்கிறேன். பாட்டுக் கேட்பதற்கென்று போனது இதுவே முதற்றடவை.

2010இல் திறக்கப்பட்ட பாலத்தைத் தாண்டித் தீவுக்குள் நுழைந்தபோது சோளகம் பலமாக வீசிக்கொண்டிருந்தது. வீதியோரத்தில் வழமைபோலக் கழுதைகள். தென்கரையில் 2020இல் அமைந்த காற்றாலைகள் சுழன்றுகொண்டிருந்தன.

மன்னார்க் கத்தோலிக்கக் கூத்துகளைப் பற்றி அறியாதவர்களுக்காகச் சிறிது சொல்லவேண்டும். யாழ்ப்பாணப் பாங்கு எனப்படும் வடபாங்கு, மாதோட்டப் பாங்கு எனப்படும் தென்பாங்கு என இரு மரபுகள் இங்குண்டு. நீண்ட நாடகத்தைச் சுருக்கி அமைத்த வடிவத்துக்கு வாசாப்பு என்று பெயர். விருத்தமும் கொச்சகமும் தருவும் தமிழ் மரபில் வந்தவை; கதைகள் வேதாகமத்திலும் புனிதர் வரலாற்றிலும் இருந்து வந்தவை. 'என்றீக்கு எம்பரதோர்' என்ற நாடகப் பெயரில் வரும் எம்பரதோர், பேரரசன் என்ற பொருளுடைய போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் உருவம். அந்த நாடகத்தையும் 'மூவிராசாக்கள்', 'ஞானசவுந்தரி' ஆகியவற்றையும் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தார். அச்சேறாமல் வீடுகளில் கொப்பிகளாக இருந்தவை பல.

ஆலய வளவில் பாய் விரித்திருந்தார்கள். ஒரு மத்தளம், ஒரு சோடித் தாளம், பிற்பாட்டுக்கு இருவர். அண்ணாவியார் எண்பதை நெருங்கியவர், தொழில் கடல். ஒலிவாங்கியை ஒதுக்கி வைக்கச் சொன்னார். முதல் விருத்தத்தை எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் தொடங்கினார். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், கடற்காற்றுக்கு எதிரே கடைசி வரிசைவரை கேட்கவேண்டும் என்று பழகிய குரல் அது. இடையிடையே உடைந்தது. உடைந்த இடத்தில் பிற்பாட்டுக்காரர் தாங்கிக்கொள்ள, அவர் மூச்செடுத்து அடுத்த அடியில் சேர்ந்துகொண்டார். தாய் மகனைப் பிரியும் தரு ஒன்று வந்தபோது முன்னால் இருந்த பெண்கள் தாமும் சேர்ந்து முணுமுணுத்தார்கள். இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. அவர் கையில் ஒரு தாள்கூட இல்லை.

பாட்டு முடிந்து தேநீர் குடிக்கும்போது கொப்பியைப் பற்றிக் கேட்டேன்.

"அது போட்டுது தம்பி. ஓடேக்க எதை எடுக்கிறது? பிள்ளையளை எடுத்தம். கொஞ்சம் மனதிலை கிடக்கு. நடுவிலை ரெண்டு காட்சி எனக்கும் வராது."

அந்த ஆண்டுகளில் கூத்தே நடக்கவில்லையா என்று கேட்டேன்.

"ஏன் நடக்கேல்லை? இடம்பெயர்ந்து இருந்த இடத்திலையும் போட்டனாங்கள். பேப்பரிலைதான் வரேல்லை."

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதன்பின் தேநீர் இறங்கவில்லை. 1990களின் பிற்பகுதியில் பிரதேச நிருபர் ஒருவர் இந்தக் கரையிலிருந்து கையெழுத்தில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். இடம்பெயர்ந்த மக்கள் கூத்தாடினார்கள் என்பதே செய்தி. பாடியவர்கள், மத்தளம் அடித்தவர் என்று எல்லாருடைய பெயர்களும் அதில் இருந்தன. அன்று பக்கத்தில் இடமில்லை என்று அதை ஒதுக்கி வைத்தவன் நான். மறுநாளும் இடம் இருக்கவில்லை. அது இவருடைய கூத்துத்தானா என்று அவரிடம் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பெயர்களில் ஒன்றுகூட இன்று என் நினைவில் இல்லை.

ஞாயிறு காலை புறப்படும்போது, அவருடைய பேரப்பிள்ளை ஒருவர் முதல் நாள் பாடியவற்றைக் கைத்தொலைபேசியில் போட்டுக் கேட்டு, ஒரு புதிய கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தார். தெரியாத இரண்டு காட்சிகளுக்கும் ஏழெட்டுப் பக்கங்களை வெறுமையாக விட்டிருந்தார்.

இதை வாசிப்பவர்களில் மன்னாரிலிருந்து இலண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ போனவர்கள் இருக்கக்கூடும். உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியில் தந்தையாரின் பழைய கூத்துக் கொப்பி ஏதும் கிடந்தால், தயவுசெய்து படமெடுத்து ஊருக்கு அனுப்பிவையுங்கள். எழுத்து மங்கியிருந்தாலும் பாதகமில்லை. அவர் படித்துச் சொல்வார்.