பொறந்த குத்தம்

"பொறந்த பாவத்துக்கு அனுபவிச்சுத்தான ஆவணும்." எங்கள் சேரியில் இதைச் சொல்லாத கிழவி கிடையாது. கூலியைக் குறைத்துக் கொடுத்தாலும் இதுதான், பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டாலும் இதுதான், கூரை ஒழுகினாலும் இதுதான். யாரையும் திட்டாத சொல். அதனாலேயே ஊர்த்தெருக்காரர்களுக்கும் பிடித்தமான சொல்.

சமீபத்தில் ஒரு வாசிப்பு வட்டத்தில் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார்: "தோழர், ஒருத்தன் சும்மா உயிரோட இருக்கறதுக்கே தார்மீகப் பொறுப்பு ஏத்துக்கணுமா?" தத்துவ வகுப்பில் கேட்கிற கேள்வி. அங்கே இதற்குப் பதில் கிடைக்காவிட்டால் யாருக்கும் நட்டமில்லை. நம் விஷயத்தில் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பை எழுதி வைத்துவிட்டார்கள்.

கெட்ட நடத்தை உள்ளவர்கள் மறுபிறவியில் நாயின் வயிற்றிலோ பன்றியின் வயிற்றிலோ சண்டாளரின் வயிற்றிலோ பிறப்பார்கள் என்று சாந்தோக்கிய உபநிடதத்தின் ஐந்தாம் அத்தியாயம் சொல்கிறது. யார் யாரோடு சேர்த்து நம்மை நிறுத்தியிருக்கிறார்கள் என்பதை விடுங்கள். அதற்குள் இருக்கிற சட்டத்தைப் பாருங்கள். பிறப்பதே தண்டனை என்றால் பிறந்தவன் குற்றவாளி. என்ன குற்றம் என்று அவனுக்கே தெரியாது. சாட்சி கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

எம்.ஏ. வகுப்பில் 37ஆம் குறள் நடத்தினார்கள். பல்லக்கைச் சுமக்கிறவனும் அதில் ஏறிப் போகிறவனும் வருகிற குறள். அறத்தின் பயனை நூலைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டாம், இந்த இரண்டு பேரையும் பார்த்தாலே விளங்கிவிடும் என்பது பரிமேலழகர் உரை. ஆசிரியர் அதை ரசித்து ரசித்துச் சொன்னார். வகுப்பில் நாங்கள் மூன்று பேர் எஸ்.சி. பரிமேலழகர் விரல் நீட்டுகிற ஆள் யார் என்று எங்களுக்கு உரை இல்லாமலே தெரியும். 'இதுதான் அறத்தின் வழி என்று சொல்லாதே' என அதே குறளை மாற்றி வாசிக்கிறவர்களும் உண்டு. அந்த வாசிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனால் வள்ளுவரைக் காப்பாற்றிக் கொடுப்பது என் வேலை இல்லை. காலங்காலமாகப் பாடம் நடந்தது பரிமேலழகரை வைத்துத்தான்.

பேஷ்வா ஆட்சியில், பூனாவில், தீண்டப்படாதவன் இடுப்பில் துடைப்பத்தைக் கட்டிக்கொண்டு தன் காலடித் தடத்தைத் தானே பெருக்கிக்கொண்டு போகவேண்டும். எச்சில் தரையில் விழாமலிருக்கக் கழுத்தில் மண்கலயம் தொங்கவேண்டும். 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' நூலில் அம்பேத்கர் இதை எழுதியிருக்கிறார். நிழல் விழுந்தாலும் தீட்டு. திருடியதற்கோ கொன்றதற்கோ அல்ல இந்தத் தண்டனை. கால் இருந்தால் தடம் விழும், வாய் இருந்தால் எச்சில் ஊறும், வெயிலில் நின்றால் நிழல் விழும். உடம்பு என்று ஒன்று இருந்ததற்குத் தண்டனை.

சேக்கிழார் நந்தனாருக்கு இரக்கம் காட்டினார். எப்படிப்பட்ட இரக்கம்? தில்லைக்குள் நுழையப் பிறப்புதான் தடை. சிவனே கனவில் வந்து நெருப்பில் மூழ்கி வரச் சொன்னாராம். அந்தணர்கள் தீ மூட்டிக் கொடுத்தார்கள். அதே சோழநாட்டில், கீழவெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குத் தீ வைத்தார்கள். 44 பேர். கூலி உயர்வு கேட்டிருந்தார்கள், செங்கொடியை இறக்க மாட்டோம் என்றிருந்தார்கள். நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது.

2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தபோது அவர் எழுதி வைத்த கடிதத்தைப் பலரும் கவிதை போலப் பகிர்ந்தார்கள். பிறப்பையே விபத்தாகப் பார்க்க வைத்த அந்த வரியில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். எனக்கு நெஞ்சில் நிற்பது அதன் கடைசிப் பகுதி. ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருக்கிறது, அதை வீட்டாருக்குக் கொடுத்துவிடுங்கள் என்கிறார். நண்பருக்கு நாற்பதாயிரம் போலத் தரவேண்டும், அவர் ஒருநாளும் கேட்டதில்லை, அதில் கொடுத்துவிடுங்கள் என்கிறார். தன் சாவுக்கு யாரும் பொறுப்பில்லை என்றும் எழுதுகிறார். சாகப்போகிற பிள்ளை கடன்கணக்கை நேர் செய்கிறான். அவனுக்குக் கடன்பட்டவர்கள் யாரும் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இன்னொரு குரலும் கேட்கிறது. சுற்றுச்சூழல் பேசுகிற நண்பர் ஒருவர், நல்ல மனிதர், "நாம மூச்சு விடுறதே பூமிக்குப் பாரந்தான் தோழர், எல்லாருமே குற்றவாளிங்க" என்பார். கேட்க அடக்கமாக இருக்கிறது. ஆனால் எல்லாரும் குற்றவாளி என்றால் ஒருத்தனும் குற்றவாளி இல்லை என்றுதான் அர்த்தம். வெண்மணியில் தீ வைத்தவனும் மூச்சு விட்டான், உள்ளே வெந்தவளும் மூச்சு விட்டாள். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதுவதைப் பாவமூட்டை தத்துவத்தின் புதிய பதிப்பு என்றுதான் சொல்வேன்.

நான் இருப்பது ஒரு மாவட்டத் தலைநகரில், வாடகை வீட்டில். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. தொட்டி நிறைந்தால் லாரிக்குப் போன் போடவேண்டும். போன தடவை அடியில் கெட்டிப்பட்டதை எடுக்க ஆளை இறக்கலாமே என்றார் வீட்டுக்காரர். கூடாது, குழாயில் வருகிற மட்டும் வரட்டும் என்று சொல்லி நிறுத்திவிட்டேன். வேலை முடிந்ததும் லாரியோடு வந்த தம்பி, சுவரில் இருந்த அம்பேத்கர் படத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, நீங்க நம்ம ஆளா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சொம்புல தண்ணி குடுங்கண்ணா. மத்த ஊட்ல கேக்கறதில்ல."

குடித்துவிட்டு ஊரைக் கேட்டார். சொன்னேன். "அங்க எங்க சனம் பத்து ஊடு இருக்குதே" என்றார். இருக்கிறது. எங்கள் பறைத்தெருவையும் தாண்டி, ஏரிக்கரை ஓரமாக. அந்தத் தெருவில் எங்கள் தெருக்காரர் யாரும் பெண் எடுத்ததில்லை, கொடுத்ததுமில்லை. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு வந்தபோது எங்கள் தெரு டீக்கடையில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. அவர் 'நம்ம ஆளு' என்றது அவருடைய பெருந்தன்மை.

அந்த மாணவருக்கு நான் சொன்ன பதில் இந்த இடத்திலிருந்து வந்ததுதான். நான் பிறந்ததற்கு நான் பொறுப்பில்லை, எவனும் இல்லை. ஆனால் நான் உயிரோடு இருக்கிற ஒவ்வொரு நாளும் ஒரு தொட்டி நிறைகிறது. அதை யார் எடுக்கிறார், என்ன கூலிக்கு எடுக்கிறார், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிறாரா என்பதற்கு நானும் பதில் சொல்லவேண்டும், வீட்டுக்காரரும் சொல்லவேண்டும், நகராட்சி எங்கள் இரண்டு பேரையும்விட அதிகமாகச் சொல்லவேண்டும். சேரியில் பிறந்தேன் என்பதால் இந்தக் கணக்கிலிருந்து எனக்கு விலக்கு கிடையாது. போன ஜென்மத்து வினை இந்த ஜென்மத்துக்கு வந்து சேரும் என்பதை அம்பேத்கர் ஏற்கவில்லை. அவர் இறந்தபின் 1957இல் வந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில் இதை விரிவாகவே வாதிடுகிறார். நம் கிழவிகளின் வாயிலிருந்து அந்தச் சொல்லை எடுப்பதற்கு அதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியவில்லை.

சட்டமும் இந்த அளவுக்கு வந்துவிட்டது. சாக்கடையிலோ மலக்குழித் தொட்டியிலோ பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, இரண்டு லட்சம்வரை அபராதம். சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டை உச்சநீதிமன்றம் 2014இல் 10 லட்சம் என்றது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. காகிதத்தில் பொறுப்பு யாருடையது என்பதில் குழப்பமே இல்லை.

பக்கத்து ஊரில் ஒரு வீட்டுத் தொட்டியில் இறங்கியவர் செத்துப்போனார். அவர் மனைவிக்கு மனு எழுதப் போனேன். காவல்நிலையத்தில் பதிந்த காகிதத்தை எடுத்துக் காட்டினார். 'தானாகவே உள்ளே இறங்கி, தன் கவனக்குறைவால்' என்று இருந்தது. செத்தவனே பொறுப்பு.

"தானா எறங்குனாருன்னா, எறநூறு ரூவா சேத்துத் தர்றேன்னு அந்த ஆளு ஏண்ணா சொன்னாரு?" என்றார் அந்தம்மா. அதையே முதல் வரியாகப் போட்டு எழுதினோம். மூன்று பக்கம் வந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் முழுக்கப் படித்துக் காட்டச் சொன்னார். கவனக்குறைவு என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்தினார்.

"அத அடிங்க."

"அது போலீஸ் எழுதனதும்மா. அவங்க இப்படி எழுதியிருக்காங்கன்னு எடுத்துக் காட்டத்தான் போட்டிருக்கேன்."

"எடுத்துக் காட்டக்கூட வேணாம். அடிங்க."

அடித்தேன். அப்புறம்தான் பேனாவை வாங்கினார்.