ஒரு கை இல்லாதவர் கோல் போட்ட மைதானம்

ஐரோப்பாவின் பெரிய கால்பந்து மைதானங்களைச் சுற்றிப் பார்க்கப் போனவர்களுக்கு அந்த நடைமுறை மனப்பாடமாகியிருக்கும். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவி, வீரர்கள் உடை மாற்றும் அறையில் கொஞ்ச நேரம், பச்சைத் திரைக்கு முன்னால் கோப்பையைத் தூக்கியபடி ஒரு போட்டோ. போட்டோவுக்குத் தனிக் காசு. கடைசியில் சட்டை, தொப்பி விற்கும் கடைக்குள் புகுந்துதான் வெளியே வர முடியும். உருகுவேயின் தலைநகரம் மொண்டெவிடியோவில் இருக்கும் சென்டெனாரியோவில் இந்த ஆர்ப்பாட்டமெல்லாம் கிடையாது. 1930-ல் முதல் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்த இடம் என்று தெரியாமல் போகிறவருக்கு அது வயதான ஒரு கான்கிரீட் வட்டம், அவ்வளவுதான்.

அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரஸிலிருந்து படகில் போனேன். நடுவே இருப்பதை ஆறு என்கிறார்கள், ஆனால் மறுகரை கண்ணுக்குத் தெரிவதில்லை. ரியோ தெ லா பிளாத்தாவின் தண்ணீர் பால் தூக்கலாக விட்ட டீயின் நிறம். 1930 ஜூலை 30-ம் தேதி இறுதி ஆட்டத்தைப் பார்க்க அர்ஜென்டினா ரசிகர்கள் ஆயிரக்கணக்கில் கிளம்பி இந்த ஆற்றைத்தான் கடந்தார்கள். மூடுபனியில் சிக்கிய சிலர் ஆட்டம் முடிந்த பிறகுதான் கரை சேர்ந்தார்களாம். தங்கள் அணி தோற்றதைக் கண்ணால் பார்க்காமல் தப்பித்தவர்கள் என்றும் சொல்லலாம்.

நகரத்தின் பிரதான சாலைக்கு ஜூலை 18 என்று பெயர். உருகுவேயின் முதல் அரசியல் சாசனம் உறுதிமொழியேற்று நடைமுறைக்கு வந்த நாள் அது, வருடம் 1830. அதன் நூற்றாண்டுக்காகக் கட்டியதால்தான் மைதானத்துக்கு சென்டெனாரியோ என்று பெயர் வந்தது. சாலை முடிகிற இடத்தில் சாசனம் எழுதியவர்களுக்கு ஒரு நினைவுத்தூண். அதைத் தாண்டினால் பட்லே பூங்கா, பூங்காவுக்குள் மைதானம். போகிற வழியில் எதிர்ப்படுகிறவர்களில் பாதிப் பேர் கக்கத்தில் ஃபிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு, கையில் மாத்தே என்ற இலைப்பானக் குடுவையோடு உறிஞ்சிக்கொண்டே நடக்கிறார்கள். எழுத்தாளர் எதுவார்தோ கலியானோவின் ஊர் இது. உலகக் கோப்பை நடக்கும் மாதம் முழுக்க, கால்பந்துக்காக மூடியிருக்கிறது என்று வீட்டு வாசலில் அட்டை தொங்கவிட்டவர் அவர். இந்த ஊருக்கு வந்து பார்த்தால் அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை என்று தெரிகிறது.

மைதானத்துக்கு முன்னால் என்னை நிறுத்திவைத்தது கால்பந்து அல்ல, மாட்டு வண்டி. ஹொசே பெல்லோனி என்ற சிற்பி வெண்கலத்தில் வார்த்த பெரிய சிற்பம். சேற்றில் புதைந்த பார வண்டியை நுகத்தடியில் பூட்டிய காளைகள் இழுக்கின்றன. கழுத்து இறங்கி, முன்னங்கால் மடங்கி நிற்கிற அந்தக் காளைகளைப் பார்த்தால், வண்டி மாடு பூட்டிய வீட்டிலிருந்து வந்த யாருக்கும் கை தானாக முதுகைத் தட்டிக்கொடுக்கப் போகும். நான் தட்டிக்கொடுத்தேன்.

மைதானம் வெளியிலிருந்து உயரமாகத் தெரியாது, பாதி பள்ளத்துக்குள் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. எழும்பி நிற்பது நூறு மீட்டர் கோபுரம் ஒன்றுதான். கட்டடக் கலைஞர் ஹுவான் அந்தோனியோ ஸ்காஸோ வரைந்த திட்டம். போட்டியை நடத்தும் உரிமை 1929-ல்தான் கிடைத்தது. கட்டி முடிக்க ஓராண்டுகூட முழுதாகக் கிடைக்கவில்லை. விளக்கு போட்டு இரவும் பகலும் ஆட்கள் வேலை பார்த்தார்கள், மழை வேறு விடவில்லை. ஜூலை 13-ம் தேதி போட்டி தொடங்கியபோது மைதானம் தயாராகவில்லை. முதல் ஆட்டங்களை ஊரிலிருந்த கிளப் மைதானங்களுக்கு மாற்றினார்கள். சரியாக 18-ம் தேதி, நூற்றாண்டு நாளன்று, திறந்தார்கள். அப்போதும் சிமெண்ட் முழுசாகக் காயவில்லை என்பார்கள்.

இவ்வளவு பாடுபட்டுக் கூப்பிட்டும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை நான்கே அணிகள். வழிச்செலவையும் தங்கும் செலவையும் உருகுவே ஏற்பதாகச் சொன்னபோதும், இரண்டு வாரக் கப்பல் பயணம் என்று மற்றவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா மூன்றும் கோன்தே வெர்தே என்ற ஒரே கப்பலில் வந்தன. ஃபிஃபா தலைவர் ஜூல் ரிமே கோப்பையோடு அதே கப்பலில் இருந்தார். யூகோஸ்லாவியா தனியாக வந்தது. ஆக மொத்தம் பதின்மூன்று அணிகள். இன்று முப்பத்தைந்து லட்சம் பேர் இருக்கும் நாடு, அன்று அதைவிடச் சின்னது. அது கட்டிய மைதானத்தைப் பார்த்தால் கோபத்தில் கட்டியது போலத்தான் எனக்குப் பட்டது.

கோல் கம்பங்களுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு பார்வையாளர் பகுதிகளுக்கும் கொலோம்ப், ஆம்ஸ்டர்டாம் என்று பெயர். 1924-ல் பாரிஸுக்குப் பக்கத்தில் கொலோம்பிலும், 1928-ல் ஆம்ஸ்டர்டாமிலும் உருகுவே ஒலிம்பிக் தங்கம் வென்றது. வர மறுத்த கண்டத்தின் இரண்டு ஊர்களை வெற்றிச் சின்னமாகத் தங்கள் மைதானத்தில் நட்டுவைத்திருக்கிறார்கள்.

மைதானத்தின் அருங்காட்சியகம் ஒலிம்பிக்கா என்ற பார்வையாளர் பகுதிக்குக் கீழே. அங்கே ஒரு பெரியவர் கூடவே வந்தார். எனக்கு ஸ்பானிஷ் நாலு வார்த்தை, அவருக்கு ஆங்கிலம் அதுவும் இல்லை. ஒரு பழைய படத்தைக் காட்டி, தன் வலது கையை முழங்கையோடு மடக்கி ஸ்வெட்டருக்குள் இழுத்துக்கொண்டார். வெற்றுச் சட்டைக் கையை ஆட்டினார். பிறகு தலையால் முட்டிக் காட்டி “கோல்” என்றார். புரிந்தது. எக்தோர் காஸ்ட்ரோ. பதின்மூன்று வயதில் மின்சார ரம்பத்தில் முன்கையை இழந்தவர். சென்டெனாரியோ திறந்த அன்று பெருவுக்கு எதிராக விழுந்த ஒரே கோல், அதாவது இந்த மைதானத்தின் முதல் கோல், அவர் போட்டது. இறுதி ஆட்டத்தின் கடைசிக் கோலும் அவருடையதுதான், தலையால் முட்டிப் போட்டது. அந்தக் காலத்துத் தோல் பந்தைக் கிட்டத்தில் பார்த்தால்தான் அந்தக் கோலின் அருமை தெரியும். செருப்புத் தோல் கனம், ஒரு பக்கம் லேஸ் போட்டு முடிந்திருக்கும். மழையில் ஊறினால் கல். லேஸ் நெற்றியைக் கிழிக்கும் என்று சில வீரர்கள் தொப்பி போட்டுக்கொண்டே ஆடினார்கள்.

அந்த இறுதி ஆட்டத்தில் எந்தப் பந்தில் ஆடுவது என்பதிலேயே சண்டை. இரு அணியும் தங்கள் பந்தோடு வந்து நின்றன. பெல்ஜிய நடுவர் ஜான் லாஞ்ஜெனுஸ் பாதிக்கு ஒரு பந்து என்று தீர்த்துவைத்தார். அர்ஜென்டினாவின் பந்தில் முதல் பாதி முடிந்தபோது அர்ஜென்டினா 2, உருகுவே 1. உருகுவேயின் பந்தில் இரண்டாம் பாதி முடிந்தபோது உருகுவே 4, அர்ஜென்டினா 2. நடுவர் விவரமானவர்தான். ஆட்டம் முடிந்ததும் தன்னைக் கொண்டுபோகக் கப்பல் தயாராக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு வாங்கியிருந்தார்.

படியேறி மேலே போனபோது மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவர்களைத் தவிர யாரும் இல்லை. கான்கிரீட் படிக்கட்டுகளில் விரிசல், விரிசலில் பாசி. பெரிய கிளப்புகளான பெனியரோலுக்கும் நசியோனாலுக்கும் சொந்த மைதானங்கள் இருப்பதால் சென்டெனாரியோ அநேக நாட்களில் சும்மாதான் கிடக்கிறது. தேசிய அணி ஆடும்போது உயிர் வரும். எனக்கு அந்த வெறுமை பிடித்திருந்தது. எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம், எழுந்திரு என்று சொல்ல ஆளில்லை. 1983-ல் ஃபிஃபா இதை உலகக் கால்பந்தின் வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்தது. அதற்கான பலகையைப் பளபளப்பாக வைத்திருக்க வேண்டும் என்ற அக்கறைகூட யாருக்கும் இருப்பதாகத் தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

மறுநாள் கடற்கரைப் பக்கம் இருக்கும் பொசித்தோஸ் பகுதிக்குப் போனேன். உலகக் கோப்பையின் முதல் கோல் விழுந்த மைதானம் அங்கே இருந்தது. பிரான்ஸின் லூசியன் லோரான் மெக்சிகோவுக்கு எதிராகப் போட்ட கோல். அவர் பெஜோ கார் கம்பெனி ஊழியர். மைதானத்தை எப்போதோ இடித்து வீடு கட்டிவிட்டார்கள். நடுக்கோடும் கோல் கம்பமும் இருந்த இடங்களைக் கண்டுபிடித்து, நடைபாதையில் சின்னதாக அடையாளச் சிற்பம் வைத்திருக்கிறார்கள். ஒரு பெண் அதன் பக்கத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தார். பொசித்தோஸைப் பார்த்த பிறகுதான் விரிசல் விட்டாலும் சென்டெனாரியோ நின்றுகொண்டிருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று உறைத்தது.

2030 உலகக் கோப்பையை ஸ்பெயின், போர்ச்சுகல், மொராக்கோ நடத்துகின்றன. நூற்றாண்டு என்பதால் ஒரு ஆட்டம் மட்டும் சென்டெனாரியோவில். அதற்காக எப்படியும் பூசி மெழுகுவார்கள், பச்சைத் திரையும் வந்து சேரலாம். போக நினைக்கிறவர்கள் அதற்கு முன்னால் போய்விடுங்கள். ஜூலை அங்கே குளிர்காலம், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.