சுருளை வாங்கிய கை

நற்செய்தி ஏடுகளில் பெயரில்லாமல் வந்து போகும் மனிதர் பலர். ஐந்து அப்பங்களை வைத்திருந்த சிறுவனுக்குப் பெயரில்லை. கழுதைக்குட்டியை அவிழ்த்துக்கொண்டு போக இசைந்தவருக்கும் பெயரில்லை. லூக்கா நற்செய்தியின் 4-ஆம் அதிகாரத்திலும் அப்படி ஒருவர் உண்டு. நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் இயேசு எழுந்து நின்று எசாயாவின் சுருளை வாசிக்கிறார். வாசித்து முடித்ததும் அதைச் சுருட்டி, அங்கிருந்த ஏவலரின் கையில் கொடுத்துவிட்டு அமர்கிறார். கூடியிருந்தோர் கண்களெல்லாம் இயேசுவின்மேல் பதிந்திருந்தன என்கிறார் லூக்கா. நம் கண்களும் அவ்வாறே. சுருளை வாங்கிக்கொண்ட கையை எவரும் பார்ப்பதில்லை. எத்தனையோ முறை அப்பகுதியைக் கேட்டிருந்தும் அந்த ஏவலரைப் பற்றி நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை. கொல்கத்தா நகரின் ஒரு தொழுகைக்கூடத்தில் நின்றபோதுதான் எண்ண நேர்ந்தது.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களாகிய நாங்கள் நால்வர், புனித அன்னை தெரேசாவின் கல்லறையில் செபிக்கவென்று அந்நகருக்குச் சென்றிருந்தோம். மறுநாள் காலை, 1799-இல் கட்டி முடிக்கப்பெற்ற செபமாலை அன்னை பேராலயத்தில் திருப்பலி கண்டு வெளியே வந்தோம். சில்லறைக் கடைகளும் மூட்டை சுமப்போரும் நெருக்கியடிக்கும் அத்தெருவில் சற்றுத் தொலைவு நடந்ததும், செங்கல்லால் எழுந்த கூர்ங்கோபுரம் ஒன்று கண்ணில் பட்டது. இன்னொரு கோயில் என்றே எண்ணினோம். அவ்வட்டார மக்களும் அதனை 'லால் கிர்ஜா', அதாவது சிவப்பு மாதாகோயில் என்றுதான் சொல்லி வந்திருக்கின்றனர். அருகே சென்றபோது, சிலுவையைத் தேடிய எங்கள் கண்களுக்கு அறுமுனை விண்மீன்தான் தென்பட்டது. அது மாகேன் டேவிட் என்னும் யூதத் தொழுகைக்கூடம். 'தாவீதின் கேடயம்' என்பது பெயரின் பொருள். தம் தந்தை டேவிட் ஜோசப் எஸ்ராவின் நினைவாக, எலியாஸ் டேவிட் எஸ்ரா என்னும் வணிகர் 1884-இல் அதனைக் கட்டினார்.

வாயிலில் பணியாளர் ஒருவர் அமர்ந்திருந்தார். நம் ஊர்ப் பழக்கத்தால் நாங்கள் குனிந்து காலணியைக் கழற்றத் தொடங்கினோம். அவரோ சிறு தொப்பிகள் வைத்திருந்த தட்டை நீட்டி, தலையை மூடிக்கொள்ளுமாறு சைகை காட்டினார். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கோயிலுக்குள் நுழையுமுன் தலைப்பாகையை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வர். நமக்குக் களைவதில் வணக்கம். யூதர்க்கு மூடுவதில் வணக்கம். தொப்பியைத் தந்த பணியாளரின் தலையிலும் ஒரு தொப்பி இருந்தது. ஆனால் அது யூதர் அணிவதன்று. அவர் ஓர் இசுலாமியர்.

உள்ளே சதுரங்கப் பலகைபோல் கறுப்பும் வெள்ளையுமாகச் சலவைக்கல் தளம். வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள். பெண்கள் அமர்வதற்கென மேல்மாடம். நடுவில் மறைநூல் வாசிக்கும் மேடை. தலைப்புறத்தில் திருச்சட்டச் சுருள்களுக்குரிய பேழை. அதன்மேல் நீலவானில் பொன்விண்மீன்கள் தீட்டிய அரைக்குவிமாடம். அந்தக் காலை வேளையில் அங்கிருந்த ஆசனங்களுள் ஒன்றிலும் ஆளில்லை.

சிரியாவின் அலெப்போ நகரிலிருந்து 1798-இல் கொல்கத்தா வந்தடைந்த ஷாலோம் கோஹன்தான் இச்சமூகத்தின் முதல்வர். அவரைத் தொடர்ந்து பாக்தாத், பாஸ்ரா நகர்களிலிருந்து குடும்பங்கள் வந்தன. அவுரி, பட்டு, அபின் என்று வணிகம் பெருகிற்று, மாளிகைகள் எழுந்தன. நெவே ஷாலோம், பேத் எல், மாகேன் டேவிட் என்று தொழுகைக்கூடங்களும் அடுத்தடுத்து எழுந்தன. மறைச்சட்டத்தில் ஐயம் எழுந்தால் பாக்தாத் அறிஞர்களுக்குக் கடிதம் எழுதித் தீர்ப்புக் கேட்டனர். 1940-களில், போரினால் பர்மாவிலிருந்து ஓடிவந்தோரும் சேர, இவர்கள் தொகை ஏறத்தாழ 5,000.

பின்னர் 1946-இன் கலவரம், 1947-இன் பிரிவினை, 1948-இல் இசுரயேல் நாட்டின் தோற்றம், வணிகத்தில் வந்த மாற்றங்கள் எனக் காரணங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்தன. இலண்டன், சிட்னி, அமெரிக்கா, இசுரயேல் என்று குடும்பங்கள் பிரிந்து போயின. இந்நாட்டில் எவரும் அவர்களை விரட்டவில்லை. திருமணத்திற்கு வரன் தேடியும், பிள்ளைகளின் வாழ்வு கருதியும் அவர்களாகவே சென்றனர். இன்று அந்நகரில் எஞ்சியிருப்போர் மிகச் சிலரே.

இங்கே அன்பர்கள் ஒன்றை அறிய வேண்டும். யூதர் வழிபாட்டில் ரபி என்பவர் ஆசிரியர். நம் குருவைப்போல் பலி ஒப்புக்கொடுப்பவர் அல்லர். அவர் இல்லாமலும் வழிபாடு நடக்கும். ஆனால் பத்துப்பேர் இல்லாமல் நடக்காது. மரபு வழுவாத கூடங்களில், பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப்பேர் கூடினால்தான் சுருளை எடுத்துப் பொதுவில் வாசிக்கலாம். இறந்தோர்க்கான காதிஷ் மன்றாட்டைச் சொல்லலாம். ஒன்பது ரபிகள் கூடினாலும் போதாது, பத்துச் செருப்புத் தைப்போர் கூடினால் போதும் என்று அவர்களிடையே ஒரு பழமொழி வழங்குகிறது. கல்வியும் செல்வமும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை. வந்து நிற்கும் ஆள்தான் கணக்கு. தந்தையை இழந்த ஒருவன் மன்றாட வேண்டுமானால், அவனோடு நிற்க ஒன்பதுபேர் தம் வேலையை விட்டு வரவேண்டும். இதனினும் எளிதாக ஒரு சமூகத்தின் அறத்தைச் சொல்லிவிட முடியுமா?

அந்தப் பத்து இப்போது மாகேன் டேவிட்டில் கூடுவதில்லை. வெளிநாட்டு விருந்தினர் வந்தாலோ, சிறப்பு நாள் வந்தாலோ ஒழிய, நாள்தோறும் வழிபாடு என்பது நின்று பல ஆண்டுகள் ஆயின. ஆயினும் கதவு திறக்கப்படுகிறது. தளம் துடைக்கப்படுகிறது. ஆசனங்களில் தூசி இல்லை. தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள இக்கூடம் செப்பனிடப்பெற்று 2017-இல் மீண்டும் பொலிவு பெற்றது உண்மையே. ஆனால் செப்பனிட்டவர்கள் வேலை முடிந்ததும் போய்விடுவர். அன்றாடம் துடைப்பத்தை எடுப்பவர் யார்?

ஒடிசாவிலிருந்து வந்த இசுலாமியக் குடும்பத்தினர்தாம் தலைமுறைகளாக இந்நகரின் தொழுகைக்கூடங்களைக் காத்து வருகின்றனர். தந்தைக்குப் பின் மகன் என்று அப்பணி தொடர்கிறது. எந்த விழாவுக்கு எந்த விளக்கு, எந்த ஆசனம் யாருடைய குடும்பத்தினது என்பதெல்லாம் இத்தகையோர் நினைவில்தான் தங்குகின்றன. யூதரின் கூடத்தை இசுலாமியராகிய தாங்கள் காப்பது எப்படி என்று, எங்களுள் இந்தி அறிந்தவர் பணியாளரைக் கேட்டார். கேள்வி விளங்காதவர்போல் அவர் சற்று நேரம் எங்களைப் பார்த்தார். பிறகு, இதுவும் ஒரே கடவுளின் வீடுதான் என்று சொல்லிவிட்டு, சாளரத்தில் வந்தமர்ந்த புறாவை விரட்டப் போய்விட்டார். அவருக்கு அது விளக்கம் வேண்டாத செய்தி. கேட்ட எங்களுக்குத்தான் வெட்கமாயிற்று.

தொழுகைக்கூடத்தைப் பேணுபவருக்கு எபிரேயத்தில் 'ஷமாஷ்' என்று பெயர். பணி செய்பவர் என்பது பொருள். இதே பெயர் ஒரு விளக்குக்கும் உண்டு. ஹனுக்கா விழாவில் எட்டு நாள்களும் ஏற்றும் எட்டுச் சுடர்களும் திருச்சுடர்கள். அவற்றின் ஒளியில் வேறு வேலை செய்தல் ஆகாது. ஆகவே தனியே ஒன்பதாவது சுடர் ஒன்று வைக்கப்படும். அதைக் கொண்டே மற்றவற்றை ஏற்றுவர். எட்டுச் சுடர்களின் எண்ணிக்கையில் சேராத அந்த ஒன்பதாவதுதான் ஷமாஷ். கொல்கத்தாவின் பணியாளரும் அத்தகையவரே. அவருடைய மறை வேறு. ஆகவே பத்துப்பேரில் ஒருவராக அவர் எண்ணப்படுவதில்லை. ஆனால் என்றேனும் பத்துப்பேர் வந்து நின்றால் அவர்களுக்குக் கதவைத் திறப்பவர் அவர்தாம்.

கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாகவும் இல்லை. 1881-இல் யூதச் சிறுமியருக்கென இச்சமூகம் தொடங்கிய பள்ளி இன்றும் கொல்கத்தாவில் நடைபெறுகிறது. அங்குப் பயிலும் சிறுமியருள் பெரும்பாலோர் இசுலாமியர். தம் பிள்ளைகள் இல்லாமற் போயினர் என்று பள்ளியை மூடிவிடாமல், அண்டை வீட்டாரின் பிள்ளைகளுக்குத் திறந்துவிட்டனர். ஈகை என்பதற்கு யூதர் வழங்கும் 'செதாக்கா' என்னும் சொல் நீதி என்னும் வேரிலிருந்து பிறந்தது. கொடுப்பதை அவர்கள் இரக்கமாக மட்டும் எண்ணாமல் கடனாகவும் எண்ணினர்.

இவற்றையெல்லாம் எண்ணிக்கொண்டு திரும்பியபோது, எங்கள் நண்பர் ஒருவர் கடைசி ஆசனத்தில் தனியே அமர்ந்திருந்தார். தலையில் அந்தச் சிறு தொப்பி. அவரைப் பார்த்ததும் எங்களுக்கு எங்கள் ஊர்ப் பாஸ்கா நினைவுக்கு வந்தது. இளமையில் அந்நாடகத்தில் அவர் தொடர்ந்து மூன்றாண்டுகள் யூதர் வேடம் கட்டியவர். ஒட்டுத்தாடியும் மையிட்ட கண்களும் கையில் சாட்டையுமாக அவர் மேடையேறும்போது நாங்களெல்லாம் பல்லைக் கடித்தோம். மண்ணை வாரித் தூற்றிய பாட்டிமாரும் உண்டு. தவக்காலம் முழுவதும் 'யூதர்' என்னும் சொல்லைச் சினத்தோடுதான் உச்சரித்தோம். அதே மேடையில் இயேசுவும், அன்னை மரியாவும், பேதுருவும் யூதரே என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. யாரும் சொல்லித் தரவுமில்லை, நாங்கள் கேட்கவுமில்லை.

திரு அவை இதனைத் திருத்த முன்வந்தது. புனித வெள்ளி மன்றாட்டில் யூதரைக் குறித்து வழங்கிய கடுஞ்சொல்லைத் திருத்தந்தை 23-ஆம் யோவான் 1959-இல் நீக்கினார். இயேசுவின் பாடுகளுக்காக அன்றிருந்த யூதர் அனைவர்மீதும், இன்றுள்ள யூதர்மீதும் பழி சுமத்தலாகாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1986 ஏப்ரல் 13 அன்று உரோமைத் தொழுகைக்கூடத்திற்கே சென்று, அவர்களை மூத்த சகோதரர் என அழைத்தார். இந்த ஆண்டுகளை நாங்கள் வகுப்பில் பாடமாக நடத்தியவர்கள். ஆனால் அறிவுக்கு வந்தது நெஞ்சுக்கு வர, ஆளற்ற ஒரு கூடத்தையும், அதனைத் துடைத்து வைக்கும் ஒருவரையும் நேரில் காண வேண்டியிருந்தது. நாம் சினந்து பேசிய மக்களின் இல்லத்தில், எவ்வாறு நிற்கவேண்டும் என்பதைத் தலையை மூடச் சொல்லி எங்களுக்குக் கற்பித்தவர் ஓர் இசுலாமியர்.

நண்பகல் நெருங்கியது. பணியாளர் தம் தொழுகைக்குப் போகும் நேரம் போலும். திறவுகோல் கொத்தோடு வாயிலில் வந்து நின்றார். நாங்கள் மூவரும் தொப்பிகளைத் தட்டில் போட்டுவிட்டு வெளியேறினோம். நண்பர் மட்டும் தம் தொப்பியைக் கழற்றி, மடிப்பைச் சரிசெய்து, இரு கைகளாலும் அவரிடம் கொடுத்தார். பணியாளரும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார். ஒரு சொல்லும் இல்லை.

அப்போதுதான் நாசரேத்து ஏவலர் எங்கள் நினைவுக்கு வந்தார். ஆண்டவர் வாசித்த சுருள், அவருக்கு முன்பும் பின்பும் அந்த ஏவலரின் பொறுப்பில்தான் இருந்தது. அன்றைய வாசகத்தைக் கேட்டுச் சினந்து எழுந்தவர்கள் ஊருக்கு வெளியே சென்றபோது, சுருளைப் பேழைக்குள் வைத்துக் கூடத்தைச் சாத்தியவர் அவராகத்தான் இருந்திருக்க வேண்டும். அவரைப் போன்றோர் நம் கோயில்களிலும் உண்டு. விடியுமுன் எழுந்து மணியடிப்பவர்; நற்கருணைப் பேழைமுன் எரியும் விளக்கு அணையாமல் எண்ணெய் வார்ப்பவர்; திருவிழா முடிந்த நள்ளிரவில் தனியே நின்று கூட்டுபவர். அவர்களுள் எத்தனைபேரின் பெயர் நமக்குத் தெரியும்?

ஊர் திரும்பிய முதல் ஞாயிறன்று, திருப்பலி முடிந்தபின் நாங்கள் நால்வரும் சற்று நேரம் கோயிலில் தங்கினோம். மெழுகுவர்த்திகளை அணைத்துக்கொண்டிருந்த எங்கள் கோயில்பிள்ளையிடம் சென்று, முதன்முறையாக அவர் பெயரைக் கேட்டோம்.