மீட்டருக்கு அந்தப் பக்கம்

வானொலியில் நீர்த்தடை அறிவிப்பு வாசிப்பது லேசான வேலை இல்லை. உலு லங்காட், சிப்பாங், கோல லங்காட், பெட்டாலிங்கின் ஒரு பகுதி என்று மாவட்டங்கள் முடிந்து, தாமான் தாமானாகப் பட்டியல் இறங்கும். எங்கே மூச்சு விடுவது என்று முன்கூட்டியே பேனாவால் குறித்துக்கொள்ள வேண்டும். வாசித்து முடிப்பதற்குள் தொலைபேசி அடிக்கும். “எங்க தாமான் பேரு வரலியேம்மா, ஆனா தண்ணியும் வரலியே?” என்று ஓர் அக்கா கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்காது. அடுத்த பாட்டைப் போடுவேன்.

இந்த அறிவிப்புகள் பலவற்றில் முதல் வரியிலேயே வரும் பெயர், செமினி ஆற்று நீர் சுத்திகரிப்பு நிலையம். 2016 செப்டம்பர், அக்டோபரில் துர்நாற்றத்தால் அடுத்தடுத்து மூடினார்கள். 2020 அக்டோபரில் மறுபடியும் மூடினார்கள். அந்தத் தடவை மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. கணக்கு என்றால் ஆள் இல்லை, மீட்டர். ஒரு மீட்டருக்குப் பின்னால் நான்கு பேர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

பெயரை இத்தனை முறை வாசித்தாயிற்று, ஆற்றை ஒரு நாள் மேலிருந்து கீழ்வரை பார்த்துவிடலாமே என்று ஒரு சனிக்கிழமை காலை கிளம்பினேன். தோழி காரை ஓட்டினாள்.

காஜாங்கில் சாத்தே கடைகள் இன்னும் திறக்காத நேரம். அங்கிருந்து நெரிசல் இல்லாவிட்டால் கால் மணி நேரத்தில் செமினி. ஆனால் நெரிசல் இல்லாத நேரம் என்று இப்போது ஒன்று கிடையாது. பழைய சிரம்பான் சாலையின் இருபுறமும் புதுப்புது தாமான்கள். புரோகா பக்கம் 2005இல் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் வளாகம் வந்தது. கோலாலம்பூரில் வீடு வாங்க முடியாத இளம் குடும்பங்கள் இங்கே வந்து குவிந்தன. என் அலுவலகத்திலேயே மூன்று பேர் செமினிவாசிகள். பழைய கடைவீதி மட்டும் அப்படியே இருக்கிறது.

அணைக்குப் போக சுங்கை லாலாங் சாலையில் திரும்ப வேண்டும். வளைந்து வளைந்து ஏறும் காட்டுப் பாதை. சனி, ஞாயிறுகளில் சைக்கிள்காரர்களும் பெரிய மோட்டார் சைக்கிள்காரர்களும் இந்தச் சாலையைத் தமதாக்கிக்கொள்வார்கள். ஓரிடத்தில் மரங்கள் விலகி ஏரி தெரிந்தது. கரும்பச்சை நீர், அசைவே இல்லை. சற்று மேலே சுங்கை தெக்காலா அருவியில் குடும்பங்கள் பாயும் சோற்றுப் பாத்திரமுமாக இறங்கிக்கொண்டிருந்தன.

அணையிலிருந்து ஒரு பெரிய குழாய் புறப்பட்டு நம் வீடுகளுக்கு வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். செமினியில் அப்படி இல்லை. 1980களில் கட்டிய இந்த அணை நீரைத் தேக்கி வைத்து, வேண்டிய அளவுக்கு ஆற்றில் திறந்துவிடுகிறது. அந்த நீர் சாதாரண ஆறாகவே காட்டை விட்டு இறங்கி, செமினி ஊரைக் கடந்து, தாமான்களையும் தொழிற்பேட்டைகளையும் ஒட்டி ஓடி, கீழே ஜெண்டராம் ஹிலிரை அடைகிறது. அங்கேதான் அதை உறிஞ்சி எடுக்கிறார்கள். எடுத்த நீர் புத்ராஜெயா பக்கம் உள்ள நிலையத்தில் சுத்தமாகிறது, நாளொன்றுக்கு 50 கோடி லிட்டருக்கு மேல். ஆகவே நம் குழாயின் முதல் பகுதி இரும்பும் இல்லை, பிளாஸ்டிக்கும் இல்லை. அது மூடியில்லாத ஓர் ஆறு.

இந்தக் குழாயை யார் பராமரிக்கிறார்கள் என்பது சுவாரஸ்யமான கதை.

ஒரு காலத்தில் எல்லாம் சிலாங்கூர் மாநில நீர் விநியோக இலாகாவிடம் இருந்தது. 1994இல் சுத்திகரிப்பு நிலையங்களை இயக்கும் வேலை குத்தகைக்குப் போகத் தொடங்கியது. முதலில் புஞ்சாக் நியாகா, 2000இல் சிலாங்கூர் ஆற்று நிலையங்களுக்கு ஸ்பிளாஷ், அதே ஆண்டில் செமினி நிலையத்துக்குக் கொன்சோர்த்தியம் அபாஸ். 2005 ஜனவரியில் வீடுகளுக்கு நீர் கொண்டுசெல்லும் குழாய்களும் பில் வசூலும் சபாஸ் என்ற இன்னொரு நிறுவனத்திடம் போயின. அந்த ஒப்பந்தம் 30 ஆண்டுகளுக்கு. சுத்திகரிப்பவர் விநியோகிப்பவருக்கு நீரை கன மீட்டர் கணக்கில் மொத்தமாக விற்பார். விநியோகிப்பவர் நமக்குச் சில்லறையாக விற்பார். காகிதத்தில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது.

சுத்திகரிப்பவருக்குத் தன் வாசலைத் தாண்டி எவ்வளவு நீர் போனது என்பதுதான் வருமானம். அந்த நீர் வழியில் கசிந்து மண்ணுக்குப் போனாலும் அவருக்குக் காசு வந்தாக வேண்டும். அக்காலத்தில் சிலாங்கூரில் சுத்திகரித்த நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பணமாக மாறாமல் போனது: உடைந்த குழாய், திருட்டு இணைப்பு, பழுதான மீட்டர். விநியோகிப்பவருக்கோ குழாய் மாற்றப் பணம் வேண்டும், பணத்துக்குக் கட்டணம் ஏற வேண்டும். 2008இல் மாநில ஆட்சி மாறியது. ஜூன் மாதம் முதல் வீட்டுக்கு 20 கன மீட்டர் இலவசம் என்றானது. அடுத்த ஆண்டு வரவேண்டிய 37 விழுக்காடு கட்டண உயர்வை மாநில அரசு ஏற்கவில்லை. விநியோக நிறுவனம் சுத்திகரிப்பு நிறுவனங்களுக்குத் தர வேண்டிய பாக்கி ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போனது. யார் பக்கம் நியாயம் என்று சாப்பாட்டு மேசைகளில்கூடச் சண்டை நடந்த காலம் அது. எனக்குக் கட்டண உயர்வை மறுத்ததில் தவறு தெரியவில்லை. ஆனால் பழைய குழாய்க்கு அரசியல் புரியாது, அது உடையத்தான் செய்யும்.

பிறகு எல்லாவற்றையும் மாநிலமே திரும்ப வாங்கியது. ஆயர் சிலாங்கூர் 2015இல் புஞ்சாக் நியாகாவின் நீர்த் தொழிலையும் சபாஸையும் எடுத்துக்கொண்டது. அதையொட்டி அபாஸும் வந்தது. கடைசியாக ஸ்பிளாஷ், 255 கோடி ரிங்கிட் விலையில், 2019இல். பாரிஸ் நகரமும் இப்படித்தான் தன் தண்ணீரைத் தனியாரிடமிருந்து 2010 ஜனவரியில் திரும்பப் பெற்றது. ஆகவே இது நம் ஊர்க் கூத்து மட்டுமல்ல.

கொஞ்சம் தேதிகளைக் கவனியுங்கள். செமினி நிலையம் மாநிலத்தின் கைக்குத் திரும்பிய பிறகுதான் 2016இன் நாற்றமும் 2020இன் நாற்றமும் வந்தன. குத்தகைக்காரர் போனார், அறிவிப்பு போகவில்லை.

அணையிலிருந்து இறங்கி வந்து செமினிக் கடைவீதியில் தேநீர் குடித்தோம். பக்கத்து மேசையில் எழுபதைத் தாண்டிய ஐயா ஒருவர். ரொட்டி சானாயைப் பிய்த்தபடி, “எந்த ஊருமா?” என்று கேட்டார். ஆற்றைப் பார்க்க வந்தோம் என்றதும் சிரித்துவிட்டார். அவர் இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றில் தண்ணீர்ப் பம்பு பார்த்தவர்.

செமினியின் இந்தப் பக்கத்தை மேம்பாட்டாளர்களின் விளம்பரப் பலகைகள் சொல்வதில்லை. ரிஞ்சிங், டொமினியன் எல்லாம் தோட்டப் பெயர்கள். ரப்பரும் பிறகு செம்பனையும் இருந்த இடங்கள். தோட்டம் போய் தாமான் வந்தாலும் அந்தப் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன.

“ஆத்துல இருந்து பம்பு போட்டு டேங்கிக்கு ஏத்துவேன். காலையில ஒரு நேரம், சாயங்காலம் ஒரு நேரம் லயத்துக்குத் தொறந்து விடுவேன். மழ பேஞ்சா தேத்தண்ணி மாதிரி வரும். படிகாரம் போட்டுத் தெளிய வெப்பாங்க வீட்டுல,” என்றார். பைப் உடைந்தால்? “ராத்திரில வந்து கதவத் தட்டுவாங்க. திட்டுவாங்க. நான் எந்திரிச்சு போவேன். கிராணிகிட்ட சாமான் கேட்டா மட்டும் மூணு நாளு ஆவும்.”

அந்தத் தண்ணீரை நான் புகழப் போவதில்லை. அணை கட்டி, நிலையம் கட்டி, நகரங்களுக்குச் சுத்தமான நீர் போன பிறகும் அதே ஆற்றின் கரையில் இருந்தவர்கள் கலங்கல் தண்ணீரைத் தெளியவைத்துக் குடித்திருக்கிறார்கள். தோட்டத்தில் தண்ணீர் என்பது நிர்வாகத்தின் கையில் இருந்த சாவி. 1990இல் வந்த தொழிலாளர் குடியிருப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம், முதலாளி தன் தொழிலாளர்களுக்குப் போதுமான குழாய்நீரை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது. தோட்டம் விற்கப்பட்டதும் அந்த முதலாளியே இல்லாமல் போகிறார். வெளியேற மறுத்த குடும்பங்களுக்குத் தண்ணீரை வெட்டிய கதைகள் நாட்டின் பல தோட்டங்களில் உண்டு.

ஐயாவின் லயத்துக்குப் பிற்காலத்தில் அரசாங்கத் தண்ணீர் வந்ததாம். ஆனால் தோட்ட எல்லையில் ஒரே ஒரு பெரிய மீட்டர். அதற்கு இந்தப் பக்கம் உடைந்தால் தோட்டம் பார்க்க வேண்டும், அந்தப் பக்கம் உடைந்தால் அவர்கள். “சரியா மீட்டர்கிட்டயே ஒடஞ்சிச்சு ஒரு தடவ,” என்றார். யார் வந்து பார்த்தார்கள் என்று கேட்டேன். “ரெண்டு பேரும் வந்து பாத்தாங்க. பாத்துட்டுப் போய்ட்டாங்க.”

இது லயத்துக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். அடுக்குமாடியில் இருப்பவர்கள் உங்கள் கட்டடத்தின் மொத்த மீட்டர் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள். அதைத் தாண்டி உள்ளே வரும் குழாய், மாடித் தொட்டி, பம்பு எல்லாம் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. தரைவீடு என்றால் மீட்டருக்குப் பிறகு நீங்கள்தான் குத்தகைக்காரர்.

ஐயாவின் கதவுதட்டலைக் கேட்டபோது எனக்குத் தமிழ்நாட்டுக் கைப்பம்புகள் நினைவுக்கு வந்தன. 1970களில் யுனிசெஃப் துணையோடு ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பைக் கிராமம் கிராமமாக நட்டார்கள். பம்பு நல்ல பம்புதான். பழுதானால் யாருக்குச் சொல்வது என்பதுதான் சிக்கல். அதற்கு மூன்றடுக்கு ஏற்பாடு வந்தது. ஊரில் ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்துக்கு ஒரு மெக்கானிக், மாவட்டத்துக்கு ஒரு நடமாடும் குழு. ஊர்க்காரர் கையில் ஒரு ஸ்பானரும் முகவரி அச்சடித்த தபால் அட்டையும். கைக்கு மீறிய பழுது என்றால் அட்டையைத் தபாலில் போட வேண்டியதுதான். மெக்கானிக் எல்லா ஊரிலும் சொன்ன நாளில் வந்திருக்க மாட்டார். ஆனால் அட்டையை யாருக்கு அனுப்புவது என்று எவரும் யோசிக்க வேண்டியதில்லை.

மதியத்துக்கு மேல் கீழ்நோக்கிப் போனோம். ஊரைத் தாண்டியதும் ஆறு நிறம் மாறுகிறது. பட்டறைகள், தொழிற்கூடங்கள், லோரிகள். ஏதாவது ஒரு கால்வாயில் யாரோ ஒருவர் இரவில் ஒரு பீப்பாயைக் கவிழ்த்தால் போதும். சில மணி நேரத்தில் அது ஜெண்டராம் ஹிலிருக்கு வந்துவிடும். அங்கே முதலில் கண்டுபிடிப்பது மனித மூக்குதான். நீர் மாதிரியை மணமற்ற நீரோடு கலந்துகொண்டே போய், எத்தனை மடங்கில் நாற்றம் மறைகிறது என்று முகர்ந்து பார்க்கிறார்கள். நிலைமை கைமீறினால் நிலையத்தை மூடுகிறார்கள். எனக்கு மின்னஞ்சலில் பட்டியல் வருகிறது.

நிலையத்தை இயக்குபவருக்கு ஆற்றின் மேல் அதிகாரம் கிடையாது. ஆறு, 1999 சட்டத்தின் கீழ் அமைந்த சிலாங்கூர் நீர் நிர்வாக வாரியமான லுவாஸின் பொறுப்பு. தொழிற்சாலைக் கழிவு, கூட்டரசின் சுற்றுச்சூழல் இலாகா. தொழிற்கூடத்துக்கு லைசன்ஸ் தருவது நகராண்மைக் கழகம். 2024இல் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தைத் திருத்தி, அதிகபட்ச அபராதத்தை ஒரு கோடி ரிங்கிட் வரை உயர்த்தியிருக்கிறார்கள். நல்லதுதான், பீப்பாயைக் கவிழ்த்தவர் கையில் சிக்கினால்.

ஜெண்டராம் ஹிலிரில் வேலிக்கு வெளியே காரை நிறுத்தினோம். நீர் எடுக்கும் இடத்துக்குள் அனுமதி இல்லை. சற்று மேலே, பாலத்தின் ஓரம் ஒரு மலாய்க்கார பக்சிக் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். வாளியில் இரண்டு லம்பாம் மீன்கள். நாற்றம் வந்த நாட்களில் இங்கே இருந்திருக்கிறாரா என்று கேட்டேன். இருந்தாராம். ஒருமுறை பெயின்ட் போல, ஒருமுறை டீசல் போல. அன்று தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். சாயங்காலம் வீட்டுக் குழாயிலும் தண்ணீர் இல்லை.

யாருக்காவது போன் செய்தீர்களா என்றேன்.

“எந்த நம்பருக்கு?” என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தோழியும் நானும் கைப்பேசியில் தேடி, ஆயர் சிலாங்கூர், லுவாஸ், சுற்றுச்சூழல் இலாகா என்று மூன்று எண்களை எடுத்துக் கொடுத்தோம். அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தன் போனில் பதிந்துகொண்டார்: சுங்கை 1, சுங்கை 2, சுங்கை 3.