செத்தால் தேவலையா?

உங்களை ஒரு கேள்வி கேட்கட்டுமா? உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டு, "உன் நிலைமையில் நானாயிருந்தால் எப்போதோ போய்ச் சேர்ந்திருப்பேன்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? "இன்னும் கொஞ்சம் காப்பி விடட்டுமா?" என்று நான் கேட்டிருக்கிறேன். மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, கால் சூம்பித் தடி ஊன்றி நடக்கிறவள் நான். இப்படிச் சொல்கிறவர்கள் பொல்லாதவர்கள் அல்ல, பிரியமாகத்தான் சொல்கிறார்கள்!

2024 மே மாதம் லண்டனில் என் பெண் வீட்டில் இருந்தேன். ஒரு நாள் இரவு பி.பி.சி. டெலிவிஷனில் லிஸ் கார் என்ற நடிகையின் விவரணப் படத்தைக் காட்டினார்கள். 'செத்தால் தேவலையா?' என்பதுதான் அதன் பெயரே. ஏழு வயதிலிருந்து ஊனமுற்றவர். சக்கர நாற்காலியில் இருப்பவர். நான் கேட்ட அதே வார்த்தைகளை அவரும் கேட்டிருக்கிறாராம்!

"அம்மா, 'சைலண்ட் விட்னஸ்' தொடரில் 2020 வரைக்கும் தடய நிபுணராக வந்தாளே, அவள்தான். அழுமூஞ்சிப் பாத்திரமே இல்லை. கெட்டிக்காரி, வாயாடி!" என்றாள் என் பெண்.

இதே பெண், 2016-ல் 'மீ பிஃபோர் யூ' என்ற சினிமாவைப் பார்த்துவிட்டு வந்து அழுதவள். விபத்தில் கைகால் செயலற்றுப் போன பணக்கார வாலிபன், காதலி கெஞ்சியும் கேளாமல், ஸ்விட்ஸர்லாந்து சென்று உயிரை விடும் கதை. "பாவம், அவனுக்கு அதுதான் நல்லது" என்றாள் அன்று. தடியை ஊன்றிக்கொண்டு அடுப்படியில் நின்ற எனக்குச் சுருக்கென்றது. ஊனமுற்றவர்கள் அந்தப் படத்தை ஏன் ஆட்சேபித்தார்கள் என்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சாகும் தறுவாயில் துடிக்கிறவர்கள் டாக்டரின் உதவியோடு உயிர்விட உரிமை கேட்பதை நான் இலேசாக எண்ணவில்லை. புற்றுநோயில் என் தமக்கை பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனால் லிஸ் காரின் பயம் வேறு. கானடாவில் 2016-ல் வந்த சட்டம் மரணம் நெருங்கியவர்களுக்காக ஏற்பட்டது. 2021-ல் மரணம் நெருங்காத நோயாளிகளுக்கும் ஊனமுற்றவர்களுக்கும் அது விரிந்துவிட்டது. திடகாத்திரமான ஒருவன் சாக வேண்டும் என்றால் ஊரே ஓடிவந்து தடுக்கிறது. நாங்கள் சொன்னால் மட்டும், 'நியாயந்தானே!' என்று தலையாட்டலாமா? மாடிப் படிக்குப் பதில் ஒரு சரிவுப் பாதை, குளிக்க வைக்க ஓர் ஆள் என்று எது இல்லாமல் வாழ்க்கை கசந்தது என்பதை முதலில் விசாரிக்க வேண்டாமா?

படம் முடிந்தது. என் பெண் வெகு நேரம் பேசவில்லை.

"அம்மா, அந்த சினிமா பார்த்த அன்றைக்கு நான் சொன்னது..."

"என்ன சொன்னாய்? எனக்கு ஞாபகம் இல்லையே!" என்றேன்.

அவள் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள்.

சகோதரிகளே, எங்களைப் பார்த்து இரக்கம் தோன்றினால், "எப்படித்தான் காலம் தள்ளுகிறாயோ?" என்று கேட்காதீர்கள், "என்ன ஒத்தாசை வேண்டும்?" என்று கேளுங்கள். பழைய பேச்சையே பேச வருகிறவர்களுக்கும் என் வீட்டில் காப்பி உண்டு. ஆனால் இனிமேல் கூடவே பதிலும் உண்டு!