உறுமல் எங்கிருந்து வருகிறது

ஃபேனைத் தூக்கி வந்து மேசைமேல் வைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரிதான் சொல்வார்கள்: "ஓடுதுங்க, ஆனா சத்தம் வருது." என்ன மாதிரி சத்தம் என்று கேட்டால் விழிப்பார்கள். பேரிங் போனால் கரகரப்பு. வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். இறக்கையின் திருகு தளர்ந்திருந்தால் சுற்றுக்கு ஒரு தட்டு. ரெகுலேட்டரால் வருவது உறுமல். மின்னலையைப் பாதியில் வெட்டி வேகத்தைக் குறைக்கும் வகை ரெகுலேட்டர் என்றால், இரண்டில் வைத்தால் உறுமும், ஐந்தில் வைத்தால் அடங்கும். அப்படிப்பட்ட ஃபேனைக் கழற்றவே வேண்டியதில்லை. சுவரிலிருப்பதை மாற்றி, கெப்பாசிட்டர் வைத்த ரெகுலேட்டரைப் போட்டால் போதும்.

கைப்பழக்கத்தில் வந்த காது என்பார்கள். பாதி அப்படித்தான். மீதிக்குக் காரணம், நான் ஆட்டிசம் உள்ளவன். முப்பதைத் தாண்டிய பிறகுதான் ஒரு மருத்துவர் சொல்லித் தெரிந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக இதைச் சேர்த்திருக்கிறது. ஆனால் ஆட்டிசம் என்றாலே குழந்தைப் படம் போட்ட சுவரொட்டிதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் குழந்தைகள் வளர்ந்து எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. சிலர் கோயம்புத்தூரில் மிக்ஸி ரிப்பேர் செய்கிறோம்.

ஒரே சீராக வரும் சத்தத்தைப் பெரும்பாலோரின் மூளை சற்று நேரத்தில் ஒதுக்கிவிடும். என்னுடையது ஒதுக்காது. டியூப்லைட் சோக், பக்கத்துக் கடை ஃப்ரிட்ஜ், செட்டாப் பாக்ஸ் அடாப்டர் எல்லாம் ஒரே நேரத்தில் காதில் நிற்கும். பள்ளியில் டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார மாட்டேன் என்று எழுந்து போவேன். அடம் என்றார்கள்.

பிறகொரு நாள் பழைய சோக் ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கி, நடுவில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை திசை மாறித் திரும்புகிறது. ஒவ்வொரு முறையும் இரும்பு இருதடவை காந்தமாகிறது. ஆக நொடிக்கு 100 முறை தகடுகள் இழுபட்டு விடுபடுகின்றன. வார்னிஷ் காய்ந்து தகடுகள் தளர்ந்துவிட்டால் அந்த இழுப்பு வெளியே கேட்கும். வெளிச்சமும் அதே கணக்கில் துடிக்கிறது. மலிவான எல்.இ.டி. பல்பிலும் சில அப்படியே துடிக்கும். போன் கேமராவைக் காட்டினால் திரையில் பட்டை பட்டையாக ஓடும்.

இதெல்லாம் தெரிந்ததால் சத்தம் குறைந்துவிடவில்லை. ஆனால் எங்கிருந்து வருகிறது, ஏன் வருகிறது, எப்போது நிற்கும் என்று தெரிந்த சத்தத்துக்கு என் உடம்பு இறுகுவதில்லை. புது இடத்துக்குப் போனால் முதலில் கூரையைப் பார்ப்பேன், பிறகு சுவிட்ச் போர்டை. அப்புறம்தான் மனிதர்கள்.

மிக்ஸிக்கு மட்டும் இந்த வைத்தியம் பலிக்காது. கார்பன் பிரஷ் எங்கே உரசுகிறது, கப்ளர் எதனால் அதிர்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இருந்தும் ஓடவிட்டுச் சோதிக்கும்போது தொழிற்சாலையில் போடும் காதுறையை மாட்டிக்கொள்கிறேன். பிரஷ்ஷில் பறக்கும் தீப்பொறியை வைத்தே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எல்லாக் கேள்வியும் வலியிலிருந்து வந்தவை என்று நினைத்துவிட வேண்டாம். ரைஸ் குக்கர் எனக்குச் சுத்தமான சந்தோஷம். சாதா குக்கரின் சூட்டுத் தட்டு நடுவே ஸ்பிரிங்கின்மேல் ஒரு வட்டக் குமிழ் இருக்கும். அதற்குள் ஒரு காந்தம், ஒரு ஃபெரைட் துண்டு. லீவரை அழுத்தினால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும், சூடு ஏறும். தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தண்ணீர் முழுக்க அரிசிக்குள் போனதும் மேலே ஏறத் தொடங்கும். 103 டிகிரிப் பக்கம் அந்த ஃபெரைட் காந்தத்தை ஈர்க்கும் குணத்தை இழக்கும். பிடி விட்டுப் போகும், ஸ்பிரிங் தள்ளும், டக். சூடு ஏறினால் காந்தத்தன்மை போய்விடும் என்பதை பியர் கியூரி 1895இல் ஆராய்ந்து எழுதினார்; அதை வைத்துத்தான் நம் வீட்டில் சோறு வடிக்காமல் வேகிறது. குமிழில் பருக்கை காய்ந்து ஒட்டியிருந்தால் பாத்திரம் சரியாக உட்காராது. துடைத்தாலே சரியாகிவிடும் குக்கருக்குக் காசு வாங்கலாமா கூடாதா என்பது எனக்கும் தங்கைக்கும் இன்னும் தீராத வழக்கு.

"சோறு வெந்தது அதுக்கு எப்படிக் கண்ணு தெரியுது?" என்று ஒரு பாட்டி கேட்டார். வெந்தது அதற்குத் தெரியாதுங்க என்று ஆரம்பித்து, குமிழைக் கழற்றிக் காட்டி, கடைசிவரை சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப தண்ணி வத்துறதைத்தான் பாக்குது" என்றார். இப்படிக் கேட்பவர்கள் அபூர்வம். எதிரில் இருப்பவருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டதா என்பது முகத்தைப் பார்த்து எனக்குப் பிடிபடாது. அதனால் கல்லாவில் இருக்கும் தங்கை இருமுவாள். அது எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு. வெளியாட்களுக்குப் பாவம் அந்தப் பெண்ணுக்கு ஓயாத சளி.

இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் பக்கம் முடித்துக்கொள்கிறது, உறுமலும் இல்லை. ஆனால் பல கம்பெனிகள் போர்டின்மேல் பிசின் ஊற்றி இறுக்கிவிடுகின்றன. போனால் முழுப் போர்டையும் மாற்றுவதுதான். ஃபேன் சுற்றும், வாடிக்கையாளர் கிளம்பிவிடுவார். எது போயிற்று என்று தெரியாத போர்டு என் மேசையில் கிடக்கும். பிசினைச் சூடுகாட்டிச் சுரண்டிக்கொண்டு நான் ராத்திரி உட்கார்ந்திருப்பதில் பத்துப் பைசா வருமானம் கிடையாது.

போனில் கூப்பிட்டு, ஃபேனுக்குப் பக்கத்தில் பிடித்து, "கேக்குதுங்களா?" என்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். கேட்காது. எதிர்முனைப் பேச்சு தெளிவாக வர வேண்டும் என்று, சீராக வரும் இரைச்சலைப் போனே வடிகட்டி எறிந்துவிடுகிறது. எனக்கு வேண்டியது அந்த இரைச்சல்தான். வீடியோ எடுத்து அனுப்புங்கள், ரெகுலேட்டரை ஒன்றிலிருந்து ஐந்துவரை மெதுவாகத் திருப்பி. ஓடும்போது யாரும் பேச வேண்டாம்.